பாயின் முன்வரிசை

உட்காருங்கள். இந்த இடம் காலிதான். யாருக்காகவும் பிடித்து வைக்கவில்லை. என்னோடு ஒருத்தி வந்திருக்கிறாள். பின்கதவுக்குப் பக்கத்தில் நீலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாளே, மல்லிகா, அவள்தான். அவள் நின்றுகொள்வாள். நின்று பழகியவள். நீங்கள் உட்காருங்கள். சன்னல் ஓரம் வேண்டுமா? வேண்டாமா? நல்லதாகப் போயிற்று. சன்னல் ஓரம் இல்லாவிட்டால் கினிகத்தேனை இறக்கத்தில் எனக்கு வயிற்றைப் பிரட்டும். இன்றைக்கு நான் வாந்தி எடுக்கக்கூடாது. இன்றைக்கு மட்டும் கூடாது.

டீச்சரா நீங்கள்? கைப்பையிலிருந்து சிவப்புப் பேனா எட்டிப் பார்க்கிறதே, அதைப் பார்த்ததும் நினைத்தேன். எனக்கு டீச்சர்மாரைக் கண்டால் இப்போதும் கொஞ்சம் பயம். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். தங்கச்சி பிறந்தாள், அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும், வீட்டில் யாராவது இருக்க வேண்டும். நின்றுவிட்டேன். அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. மற்றவர்கள்தான் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டு வாயால் சொல்லாமல் சிரிக்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

ஆமாம், கொழும்புக்குத்தான். எங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழா ஒரு பெரிய மண்டபத்தில் நடக்கிறது. பின்னேரம் நான் மேடையில் பேச வேண்டும். நான்தான், நம்புங்கள். அலுவலக வேன் விடியவே புறப்பட்டுப் போய்விட்டது. அதில் அதிகாரிகள் போனார்கள், பதாகைகள் போயின, ஒரு குத்துவிளக்கும் போயிற்று. மேடையில் பேசப்போகிறவளுக்கு இடம் இல்லை. குத்துவிளக்குக்கு இருந்தது டீச்சர். ஆட்டம் கொடுக்காமல் இருக்க அதற்கு பெல்ட் வேறு போட்டுவிட்டார்களாம்.

மல்லிகாவை நான்தான் கூட்டிவந்தேன். சேலை மடிப்பு வைக்க ஒரு ஆள் வேண்டுமே. பாவம், கொழும்பைப் பார்க்காதவள், பார்க்கட்டும் என்றும் நினைத்தேன். கூட்டத்தில் தொலைந்துவிடுவாளோ என்று மண்டபத்தின் பெயரை நேற்று முழுக்கச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தேன். அடியே மல்லிகா! பைய கசக்காத! மேடைக்குக் கட்டுற சேலை உள்ளதான் இருக்கு! கேட்டுவிட்டது, தலையாட்டுகிறாள்.

நிறுவனத்தின் பெயர் மலைச்சுடர். தோட்டத்துப் பெண்களை முன்னேற்றுகிற நிறுவனம். என் மகள் பாலர் பாடசாலைக்குப் போன காலத்தில் நான் அதில் சேர்ந்தேன். இப்போது அவளுடைய மகன் பாலர் பாடசாலைக்குப் போகிறான். இத்தனை காலமும் ஊரூராக ஏறி இறங்கி மாதர் சங்கம் சேர்ப்பது, கூட்டம் வைப்பது, சண்டை தீர்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான். பதவிப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் தொண்டர் என்றார்கள். பிறகு ஊக்குநர் என்றார்கள். பிறகு மூத்த ஊக்குநர் என்றார்கள். மூத்த என்ற சொல் வந்த வருடம் எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள், நிறுவனத்தின் பெயர் போட்டது. அந்தக் குடைதான் மல்லிகா வைத்திருக்கிற பைக்குள் இருக்கிறது.

அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. இணைப்பாளர். அந்தப் படியில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருத்தர்கூடக் கால் வைத்ததில்லை.

எங்கள் ஹட்டன் அலுவலகம் ஒரு மாடி வீடு. மாடியில் மேசைகள் இருக்கின்றன, கம்ப்யூட்டர் இருக்கிறது. கீழே சமையலறை, சாமான் அறை, ஊக்குநர்கள் உட்காரும் வாங்குப் பலகை. மாடியில் யார்? கொழும்புச் சிங்களவர், யாழ்ப்பாணத்தார், அவ்வப்போது இரண்டொரு வெள்ளைக்காரர். கீழே யார்? எல்லாரும் தோட்டத்து ஆட்கள். மலைநாட்டில், மலைநாட்டு மக்களுக்காக நடக்கிற நிறுவனத்தில், மலைநாட்டார் எல்லாரும் கீழே. யாரும் அப்படிச் சட்டம் எழுதி ஒட்டவில்லை. படிக்கட்டில் காவலாளியும் இல்லை. ஆனால் நாங்கள் ஏறினால், "என்ன பாக்கியம், ஏதும் வேணுமோ?" என்று கேட்பார்கள். மேலே வேலை செய்கிறவரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா?

பணிப்பாளர் குலேந்திரன் சேர். யாழ்ப்பாணத்தார். நல்லவர். அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. பயிற்சி வைத்தால் கதிரைகளை எல்லாம் அகற்றச் சொல்வார். "வட்டமா இருப்பம். வட்டத்தில மேல் கீழ் இல்லை" என்பார். நாங்களும் தரையில் வட்டமாக உட்காருவோம். அவரும் காற்சட்டையைத் தூக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவார். பகல் ஒரு மணிக்கு வட்டம் கலையும். அவர்கள் மாடிக்குச் சாப்பிடப் போவார்கள், நாங்கள் சமையலறை வாசலுக்குப் போவோம். சாப்பிட்டு வந்து மறுபடி வட்டம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வருடத்தில் இரண்டு தடவை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், உதவி கொடுக்கிறவர்கள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் கூட்டம். தெரியும்தானே, கொழுந்துக்குப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். வெள்ளைக்காரர்களுக்குக் கதிரை, எங்கள் பெண்களுக்குப் பாய். வந்தவர்கள் சனத்தின் வாயால் கேட்க வேண்டும் என்பார்கள். சனம் வாயைத் திறக்காது. புது முகத்தைக் கண்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். முதல் தடவை அப்படி ஆனபோது சேருக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

அடுத்த தடவை வண்டி வருவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாக்கியம், உந்த அடையாள அட்டையைக் கழட்டி வையுங்கோ. சனத்தோட சனமா முன்வரிசையில இருங்கோ. நீங்கள் நல்லாப் பேசுவீங்கள்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அட்டையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பாயில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பேசினேன். பேசினேன் என்றால் அப்படி ஒரு பேச்சு! வெள்ளைக்கார அம்மா ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டால் என் கை தானாகக் கழுத்துக்குப் போகும், அட்டையைக் கழற்ற.

பஸ் நின்றுவிட்டதே. கித்துல்கலையா? தேநீருக்கு நிற்பான். நீங்கள் இறங்குகிறீர்களா? வேண்டாமா? நானும் இறங்கமாட்டேன். இறங்கினால் அந்தக் கக்கூசுக்குப் போக வேண்டும், போனால் அதை நினைத்தே வயிற்றைப் பிரட்டும். எல்லாரும் இறங்கிவிட்டார்கள், என்ன அமைதி! என்ன, சத்தமாகப் பேசுகிறேனா? எனக்கு எப்போதும் இந்தச் சத்தம்தான். இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மல்லிகா அங்கேதான் நிற்கிறாள். நிற்கட்டும்.

நான் அந்தப் பாயில் என்ன கதை சொன்னேன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். ஆடி மாத மழை. புருசன் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் விற்றுக் குடித்துவிட்டான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அவள் மேசைமேல் துணி துவைக்கிற பேசினை வைத்து, அதில் பிள்ளையைப் படுக்கவைத்து, மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை விடும்வரைக்கும் நின்றாள். கை மரத்துப்போனாலும் இறக்கவில்லை. அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்துவேன். கையை இப்படி உயர்த்துவேன், குடை பிடிப்பது மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். அவ்வளவுதான், கதிரையில் இருக்கிற எல்லாரும் கைக்குட்டையை எடுப்பார்கள்.

என் புருசனா? ஐயோ, சுப்பையா வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. தேநீருக்கே சீனி போடமாட்டார். ஆனால் வெளிநாட்டில் அவர் பேர்போன குடிகாரர். அவரிடம் சொன்னபோது முதல் வருடம் சிரித்தார். பிறகு சிரிப்பதில்லை. இன்று காலையில் புறப்படும்போதுகூட, "மேடையில ஏறி என்னைய மறுபடியும் குடிகாரனாக்கிட்டு வராத" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

யாருடைய கதையா? மல்லிகாவுடையதுதான், வேறு யாருடையது. என்னிடம் ஒரு நாள் அழுதுகொண்டு சொன்னாள். அவளுக்குக் கோர்வையாகப் பேச வராது டீச்சர். முதலில் கூரையைச் சொல்வாள், பிறகு பிள்ளையைச் சொல்வாள், நடுவில் அடுப்பு நனைந்ததைச் சொல்வாள். நான்தான் எல்லாவற்றையும் அடுக்கி ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். அதோடு அவளை முன்வரிசையில் உட்காரவைக்க முடியாது. அவர்கள் வாசக்கூட்டிக் குடும்பம். லயத்து வாசலும் கக்கூசும் கூட்டுகிறவர்கள். அவளை முன்னால் வைத்தால் மற்றப் பெண்கள் பாயில் உட்காரமாட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை, நான் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பேன், யாரும் பார்க்காவிட்டால். மற்றவர்கள் அப்படி இல்லையே! அதனால் கூட்டம் நடக்கும்போது அவளை வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவேன். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். உள்ளே என்ன பேசினோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மல்லிகாவை மாதிரி ஒரு தொண்டர் கிடைக்கமாட்டாள்.

சரி, ஏறுகிறார்கள். இதோ, பஸ்ஸையும் எடுத்துவிட்டான். இவன் என்ன இப்படி முந்துகிறான்? இவனுக்கு வீட்டில் அம்மா இல்லையா?

எங்கே விட்டேன்? இணைப்பாளர். போன வருடம் அந்த இடம் காலியானது. முன்பும் இரண்டு மூன்று தடவை காலியானதுதான். அப்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்தத் தடவை என் மகள்தான், "அம்மா, ஒன்ன விட்டா அந்த வேலைய யாரு செய்யிறா? கேளும்மா" என்றாள். கேட்டேன். மாடிக்கு ஏறிப்போய்க் கேட்டேன்.

சேர் எழுந்து நின்று கதிரை போட்டார். தன் கையால் தேநீர் ஊற்றினார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வேலை கொடுக்கப்போகிறவர் எதற்குத் தேநீர் ஊற்றுகிறார்?

"பாக்கியம், உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். "நீங்கள்தான் மலைச்சுடரின்ர உயிர். உயிரைக் கொண்டுவந்து மாடியில இருத்தி வீணாக்கலாமோ? உங்களைப் போல ஆள் களத்திலதான் வேணும்."

"களத்துலயே எவ்வளவு காலம் சேர் இருக்கிறது?"

"நான் ஏற்றுக்கொள்ளுவன் பாக்கியம். என்னில ஒரு பிரச்சினையும் இல்லை. கொழும்பில இருக்கிறவை ஏற்றுக்கொள்ள வேணுமே. அங்கத்தைக் கூட்டங்கள், இங்கிலிஷ்... உங்களுக்குத்தான் கஷ்டம். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

என் நன்மைக்கு! டீச்சர், என் நன்மைக்கு எத்தனை பேர் என்னைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினால் இந்த பஸ் போதாது. படியிறங்கும்போது கணக்காளர் மிஸ் யாரிடமோ சொன்னதும் காதில் விழுந்தது. "தோட்டக்காட்டு ஆக்கள் நல்ல உழைப்பாளியள். ஆனா மேசையில இருத்தினா என்ன செய்யிறதெண்டு தெரியாது." மேசையில் உட்காரவைத்துப் பார்த்தார்களா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

யாரைப் போட்டார்கள் தெரியுமா? செனாலி என்று ஒரு பிள்ளை. கொழும்புச் சிங்களப் பிள்ளை, என் மகளைவிட இளையவள். நல்ல பிள்ளைதான், சிரித்த முகம். ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது. தமிழ் மட்டுமே பேசுகிற பெண்களின் சங்கங்களுக்கு இணைப்பாளர், தமிழ் தெரியாது! எனக்குச் சிங்களம் தெரியும், சந்தையில் பழகியது. தமிழ் தெரியும். இங்கிலிஷ் தெரியாது. அவளுக்குச் சிங்களமும் இங்கிலிஷும் தெரியும், தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் இரண்டு மொழிதான். என்னுடையது குறை, அவளுடையது தகுதி. தமிழ் தெரியாததற்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அதுக்குத்தான் நீங்கள் இருக்கிறீங்களே" என்றார் சேர். அவள் பேச நான் வாய், அவள் கேட்க நான் காது. மாடியில் உட்காருவது மட்டும் அவள்.

அதற்குள் இந்த மல்லிகா வேறு. நான் மேலே போகப்போகிறேன் என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா, நீங்க மேல போனா ஒங்க எடம் காலியாகும்ல? நான் கேக்கலாமாக்கா? நானும் எத்தன காலமா தொண்டராவே இருக்கேன்" என்றாள். எனக்கு இருந்த கவலையில் இது வேறு. ஆனாலும் நான் கோபப்படவில்லை. உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னேன். "இங்க பாரு மல்லிகா, ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஏத்துக்குவேன். சனம் ஏத்துக்கணுமே. வீட்டுக்குள்ள கூப்புடுவாங்களா ஒன்ன? ஒனக்குத்தான் சங்கடம். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." புரிந்துகொண்டாள். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். நல்லபடியாகச் சொன்னால் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். அந்தச் சேருக்குத்தான் அது தெரியவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தலைவலியா? சன்னலைத் திறக்கட்டுமா?

செனாலி வந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு முடிவுக்கு வந்தேன். உதவி கொடுக்கிறவர்களில் இங்கிரிட் அம்மா என்று ஒருவர். வயதானவர், பெரிய உருவம், எல்லாருக்கும் மேலே அவர்தான் என்பார்கள். சேரே அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவரிடம் நேரே சொல்லிவிடுவது. மகளிடம் இரண்டு வாக்கியம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஐ ஆம் ஸ்டாஃப். ஐ வான்ட் ப்ரமோஷன். சோறு ஆக்கும்போது சொன்னேன், துணி துவைக்கும்போது சொன்னேன். சுப்பையாவுக்கே பாடமாகிவிட்டது. அவர் கொல்லையில் மண்வெட்டியோடு நின்று, "ஐ வான்ட் ப்ரமோஷன்" என்று என்னைக் கேலி செய்வார்.

இங்கிரிட் அம்மா வருகிற நாள் வந்தது. பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்தாயிற்று. சேர் வழக்கம்போல என் கழுத்தைப் பார்த்தார். "பாக்கியம், அட்டை..." என்றார். நான் கழற்றவில்லை. "இருக்கட்டும் சேர்" என்றேன். முன்வரிசையிலும் உட்காரவில்லை. செனாலிக்குப் பக்கத்தில், அதிகாரிகள் நிற்கிற இடத்தில் நின்றேன். சேரின் முகம் வெளுத்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இங்கிரிட் அம்மா உள்ளே வந்தார். நான் ஒரு அடி முன்னால் போய், அட்டையைக் கையில் பிடித்துக் காட்டி, "ஐ ஆம் ஸ்டாஃப்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு கையை மெதுவாக உயர்த்தினார். குடை பிடிப்பது மாதிரி! நான் செய்து காட்டியதை அப்படியே செய்தார் டீச்சர். கண்ணெல்லாம் தண்ணீர். "ஓ" என்று ஒரு சத்தம் போட்டு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். முதல் வாக்கியம் முடிந்தது. இரண்டாவது வாக்கியத்துக்கு வழியில்லை, என் வாய் அவர் தோளில் அமுங்கிக் கிடந்தது.

செனாலி எனக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்தாள். மழையில் பிள்ளைக்குக் குடை பிடித்த பெண்ணை அவரால் மறக்க முடியவில்லையாம். போகிற நாட்டிலெல்லாம் அவளைப் பற்றித்தான் பேசுகிறாராம். அந்தப் பெண்ணுக்கே மலைச்சுடர் வேலை கொடுத்து, கழுத்தில் அட்டை போட்டு நிற்கவைத்திருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்கிறாராம். எல்லாரும் கைதட்டினார்கள். பாயில் இருந்த என் பெண்களும் என்னவென்று தெரியாமல் கைதட்டினார்கள். சேர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

நான் சொன்னேன், செனாலியிடம் சிங்களத்தில் சொன்னேன். "இவங்க தப்பா நெனக்கிறாங்க. நான் முன்னமே இருந்து வேலை செய்றவ" என்றேன். அவள் ஏதோ சொன்னாள். இங்கிரிட் அம்மா மறுபடி கட்டிக்கொண்டார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று சொன்னாராம்!

அடக்கமா? எனக்குள் என்ன எரிந்தது தெரியுமா? இத்தனை காலம் நான் உழைத்த உழைப்பு எங்கே போயிற்று? நான் ஏறிய மலையெல்லாம் எங்கே போயிற்று? அவர்கள் கண்ணில் நான் நேற்று வரைக்கும் பாயில் உட்கார்ந்து அழுதவள். இன்றைக்குப் பிச்சையாக ஒரு அட்டை வாங்கிக்கொண்டவள். மூத்த ஊக்குநர் என்கிற பதவி எனக்கு உயர்வாம்! என்னை ஏறவிடாத படியை, நான் ஏறிவிட்ட படி என்று சொல்லிக் கைதட்டுகிறார்கள்.

அன்றைக்கே இங்கிரிட் அம்மா சொல்லிவிட்டார், ஆண்டு விழாவில் நான் பேச வேண்டும் என்று. மழையில் குடை பிடித்ததிலிருந்து அட்டை வாங்கியது வரைக்கும். சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லாச் சொல்லுங்கோ பாக்கியம். பிறகு உதவி இணைப்பாளர் எண்டு ஒண்டைப் பற்றி யோசிப்பம்" என்றார். யோசிப்பம்! அட்டையை மறக்காமல் போட்டுக்கொண்டு வரவும் சொன்னார். இத்தனை காலம் கழற்று கழற்று என்றவர்.

நான் என்ன செய்யப்போகிறேன் தெரியுமா? யாரிடமும் சொல்லவில்லை, மல்லிகாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். மேடையில் ஏறி உண்மையைச் சொல்லப்போகிறேன். என் புருசன் குடிகாரன் இல்லை, நான் குடை பிடித்தவள் இல்லை, நான் உங்கள் உதவி வாங்கினவள் இல்லை, உங்களுக்காக வேலை செய்தவள், எனக்கு உரிய இடத்தைக் கொடுங்கள் என்று சொல்லப்போகிறேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை ஒலிபெருக்கியில் சொல்லப்போகிறேன். பொய்க்காரி என்று இருக்கிற வேலையையும் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுவேன். அநேகமாகச் சொல்லிவிடுவேன்.

என்ன? மல்லிகாவையும் மேடைக்குக் கூட்டிப்போவதா? நல்ல கதை! அவளை எதற்கு? அவளுடைய கதை என்றால் அவளே சொல்ல வேண்டும் என்று சட்டமா? படித்தவர்கள் நீங்கள் இப்படித்தான் எதையாவது சொல்லிவிடுவீர்கள். அவள் அந்தப் பெரிய மண்டபத்தில், அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் போய் நின்றால் கால் நடுங்கி விழுந்துவிடுவாள். மேடையில் ஏற்றினால் என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியாது. இல்லை, ஏற்றிப் பார்த்ததில்லைதான். ஏற்றிப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? அவளை மாதிரி ஆள் களத்தில்தான் வேண்டும் டீச்சர்.

அவளுக்குக் கேட்டிருக்குமா என்கிறீர்கள்? இத்தனை தூரத்திலா? அந்தத் தேநீர்க்கடையில் பஸ் அமைதியாக இருந்தபோதா... கேட்டால்தான் என்ன? நான் அவளைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. நல்லதாகத்தானே சொன்னேன்.

புறக்கோட்டை பஸ் நிலையம் வந்துவிட்டது. மழையைப் பாருங்கள், ஒரு பொட்டுப் படாமல் எப்படிப் போகப்போகிறேன்? தள்ளாதீர்கள் ஐயா, வயதானவள் இறங்குகிறேன்! மல்லிகா பின்கதவால் இறங்கிவிட்டாள் போலிருக்கிறது. மல்லிகா! நில்லு, குடையக் கொண்டா!

அதோ நிற்கிறாள். குடையை விரித்துவிட்டாள். நல்லது, எனக்குப் பிடிக்கத்தான் வருகிறாள். இல்லையே. அந்தப் பக்கம் போகிறாளே. மல்லிகா! இங்கடி! ஒரு நாளும் அவள் எனக்கு முன்னால் நடந்ததில்லை டீச்சர், எப்போதும் இரண்டு அடி பின்னால்தான் வருவாள். ஆட்டோக்காரனிடம் என்ன பேசுகிறாள்? மண்டபத்தின் பெயரைத்தான் சொல்கிறாள், வாயைப் பாருங்கள், நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே. ஏறுகிறாளே! பை அவளிடம் இருக்கிறது, சேலை அதில் இருக்கிறது, என் அட்டை அதில் இருக்கிறது!

டீச்சர், போகாதீர்கள், கொஞ்சம் நில்லுங்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள். இத்தனை காலம் கூடவே வைத்திருந்தேன், கொழும்பு பார்க்கட்டும் என்று கூட்டிவந்தேன். என் கதையை அவள் முந்திப் போய்ச் சொல்லிவிட்டால், அந்த மேடையில் நான் யார் என்று சொல்வது?